உடைந்த கடை பொம்மையும் 'மக்கும்' பொம்மையும்

கேள்வி: நாகப்பட்டினத்தில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். ஆறு ஃபைபர் பொம்மைகளில் நாலுக்கு விரல் உடைந்து, பெயின்ட் உரிந்துவிட்டது. பழையதை எடுத்துக்கொண்டு, சூழலுக்குக் கேடில்லாத 'மக்கும் பொம்மை' தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடையில் பத்து வருஷம் நிற்க வேண்டிய பொம்மை எதற்காக மக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்லி விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அதையும் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும், அந்த வகைப் பிளாஸ்டிக் மக்குவதற்குச் சுமார் 58 டிகிரி சூட்டில் இயங்கும் உரக்கூடம் தேவை. உங்கள் கொல்லைக் குழியில் மக்காது.

அடுத்து 'கரும்பிலிருந்து செய்தது' என்பார். கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்வது உண்மைதான். பிரேசிலில் 2010 முதல் பெரிய ஆலையிலேயே செய்கிறார்கள். ஆனால் செய்து முடித்த பிறகு அதுவும் சாதாரணப் பாலித்தீன்தான், மக்காது.

பழையதை அவர் எங்கே கொண்டுபோவார் என்பதுதான் என் கவலை. ஃபைபர் என்பது கண்ணாடி இழையில் பாலியெஸ்டர் ரெசினைப் பூசி இறுக வைத்தது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருக்க முடியாது. அதனால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். கடைசியில் பைபாஸ் ஓரத்தில் கொட்டுவார்கள், இல்லையென்றால் கொளுத்துவார்கள். இதை சிமென்ட் சூளையில் எரிக்கலாம் என்று வாரியம் 2016-லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. அரியலூர் முழுக்க சிமென்ட் ஆலைதான். ஆனால் நாலு பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு சேலைக் கடைக்காரர் யாரிடம் போய் நிற்பது? அதை யாரும் எழுதவில்லை. பொட்டலப் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் கட்டினார்கள். பொம்மை அந்தக் கணக்கில் வராது.

ஆகவே பழுது பாருங்கள். அதற்கு உங்கள் ஊரைவிட நல்ல ஊர் கிடையாது. ஃபைபர் படகு சரிசெய்கிறவர்கள் கடற்கரையிலேயே இருக்கிறார்கள். பொருளும் ஒன்று, வேலையும் ஒன்று. விரல் நுனிக்கு எம்-சீல் போதும். மணிக்கட்டில் உடைந்திருந்தால் உள்பக்கம் கண்ணாடி இழை விரிப்பை ('மேட்') வைத்து ரெசின் போடச் சொல்லுங்கள். அப்புறம் பட்டி, தேய்ப்பு, பெயின்ட். ரெசின் நெடி பொல்லாதது. வேலையைத் திறந்த வெளியில் செய்யச் சொல்லி, நெடி முழுக்கப் போன பிறகு சேலை கட்டுங்கள்.

ஒரே விதிவிலக்கு: ஸ்டாண்டுக் கம்பி நுழையும் இடம். பாதத்திலோ கெண்டைக்காலிலோ ஒரு குழாய் பதித்திருக்கும். பொம்மையின் முழு எடையும் அங்கேதான் நிற்கிறது. அதைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தாலும் பட்டி பூசி மறைக்க விடாதீர்கள். பெயின்ட் அடித்தால் புதுசு போலத் தெரியும், ஆனால் ஒரு பண்டிகைக் கூட்டத்தில் பின்னால் குழந்தை பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடும். கம்பியில் நிறுத்தி, தோளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'கிறீச்' என்றால் இடுப்புக்கு மேலே அறுத்து, மேசைமேல் வைக்கும் பொம்மையாக்குங்கள்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பெயின்ட் இல்லாமல் பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்த பாலித்தீன் பொம்மை வாங்குங்கள். உடைந்தாலும் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடைபோட்டு எடுப்பார். பில்லில் பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். 'ஈகோ மாடல்' என்று மட்டும் எழுதித் தந்தால் பணம் கொடுக்காதீர்கள்.