லாத்வியாவில் ஓநாயை ஏன் 'கடவுளின் நாய்' என்கிறார்கள்?

லாத்வியர்களின் பழைய நம்பிக்கையில் ஓநாய் வெறும் ஆடு திருடி இல்லை. அதை 'தியெவ சுனி', அதாவது கடவுளின் நாய்கள் என்று சொல்வார்கள். ஓநாயாக உருமாறும் மனிதனுக்கு 'வில்காசிஸ்' என்று பெயர்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது தீஸ் என்ற கிழவரின் வழக்கு. 1691இல், சுவீடன் ஆட்சியில் இருந்த லிவோனியாவில் (இன்றைய லாத்வியாவின் வடபகுதியும் எஸ்தோனியாவின் தென்பகுதியும்), ஒரு தேவாலயத் திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் அவர். வயது எண்பதுக்கு மேல். நீதிபதிகள் முன்னால், தான் ஓநாய் மனிதன்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தாங்கள் சாத்தானின் ஆட்கள் இல்லை, கடவுளின் நாய்கள் என்றார். வருடத்தில் சில இரவுகளில் நரகத்துக்குள் போய், சூனியக்காரர்கள் திருடிய தானியத்தை மீட்டு வருவார்களாம். அப்போதுதான் விளைச்சல் நன்றாக இருக்குமாம். 'சாத்தானோடு சேர்ந்தேன்' என்று சொல்லவைக்க எவ்வளவோ முயன்றார்கள், அவர் மசியவில்லை. 1692இல் கசையடியும் நாடுகடத்தலும் தண்டனையாகக் கிடைத்தன. விளைச்சலைக் காப்பாற்றியதாக நம்பிய ஒரு கிழவருக்கு இது பெரும் கொடுமை.

சரி, காட்டு ஓநாய்? இன்றும் லாத்வியாவில் கூட்டமாக வாழ்கிறது. மான், காட்டுப்பன்றி, பீவர் (நீரில் அணை கட்டும் கொறிவிலங்கு) எல்லாம் அதன் இரை. வேட்டைக்கு அனுமதி உண்டு, ஆனால் ஆண்டுதோறும் எண்ணிக்கை வரம்பு வைக்கிறார்கள். குட்டி போடும் வசந்த காலத்தில் சுடக்கூடாது.