பின்வளவுக்கு வரும் காட்டு விருந்தாளிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டின் பின்வளவில், பலாமரத்தடியில் குவிந்து கிடக்கும் சருகுகளுக்கிடையே, ஆண்டுதோறும் தீபாவளியையொட்டி ஒரு குருவி வந்து துள்ளித் திரிகின்றது. மைனாவை விடச் சற்றுச் சிறியது. குட்டை வால், பச்சை முதுகு, வாலின் அடிப்புறம் இரத்தச் சிவப்பு. அந்தி நேரத்தில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். அரிசியும் சோறும் வைத்தேன், சீண்டவேயில்லை. இதற்கு என்னதான் கொடுப்பது?
– வாசகி, பண்டாரவளை

பதில்: உங்கள் வளவுக்கு வருவது ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் இப்பறவை, ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை நம்மோடு இருக்கும். புழு பூச்சிகளே இதன் உணவு என்பதால், சோறு வைத்துப் பயனில்லை. நீங்கள் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த உணவு, அந்தச் சருகுக் குவியலை அப்படியே விட்டுவைப்பதுதான். நம்மவர்கள் தீபாவளிக்கு வளவைக் கூட்டிப் பெருக்கிச் சருகுக்குத் தீ மூட்டுவதும், இப்பறவை களைத்துப்போய் வந்து இறங்குவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்கின்றன. வாசலைக் கூட்டுங்கள், கோலமும் போடுங்கள். பலாமரத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் களைநாசினியோ பூச்சிநாசினியோ தெளிக்காதீர்கள்.

நிழலான இடத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாத மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். ஆனால், தினமும் கவிழ்த்துக் கழுவி நிரப்ப வேண்டும்; டெங்கு சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குருவியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. தரையில் இரை தேடும் பறவை என்பதால் வீட்டுப் பூனைதான் இதற்கு முதல் எதிரி. காலையிலும் மாலையிலும் பூனையை உள்ளே வைத்திருங்கள். வலசை வரும் நாட்களில் இக்குருவி கண்ணாடி யன்னலில் மோதி மயங்கி விழுவதும் உண்டு. அவ்வாறு விழுந்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இட்டு, இருட்டான அமைதியான மூலையில் வைத்து, தெளிந்ததும் வளவிலேயே விட்டுவிடுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள்; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

பார்ப்பதற்குப் பொறுமை ஒன்றே போதும். யன்னலோரம் அசையாமல் அமர்ந்திருந்தால், அது இரண்டு துள்ளல் துள்ளி நின்று, குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, அலகால் ஓர் இலையைப் புரட்டி எறிந்துவிட்டு அடியில் நெளியும் புழுவைக் கொத்துவதைக் காணலாம். கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகின்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்காலத்திலும் தன் எல்லையைக் காத்துக்கொள்ளும் பறவை இது. இன்னொரு குருவி வந்துவிட்டதென்று எண்ணி, இரை தேடுவதை விட்டு அலையத் தொடங்கிவிடும். நுவரெலியாப் பக்கம் போனால் விக்டோரியா பூங்காவிலும் இதனைத் தேடிப் பாருங்கள். மழைக்கும் குளிருக்கும் அஞ்சாமல் இருந்தால், குளிர்காலத்தில் அங்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கண்ணில் படலாம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வரும் குரங்குகளுக்கு என் மகன் பிஸ்கட் கொடுக்கின்றான். தவறா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தவறுதான். இன்று பிஸ்கட் வாங்கிய குரங்கு நாளை குசினிக்குள் வரும். அதன் பிறகு நீங்களே கல்லெறிவீர்கள். மந்தியாயின் கேடு இன்னும் அதிகம். மலைநாட்டில் அடர்ந்த உரோமத்துடன் காணப்படும் மந்தி இலைகளைச் செரிப்பதற்கென்றே அறைகளாக அமைந்த வயிற்றைக் கொண்டது. மாவும் சீனியும் அதற்கு ஒவ்வா. உங்கள் மலைநாட்டில் காணும் இந்தக் குரங்கினமும் இந்த மந்தியினமும் இயற்கையாக இலங்கையில் மட்டுமே வாழ்பவை என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, அவை எந்த மரத்தின் எந்த இலையைத் தின்கின்றன என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால், மரக்கறித் தோட்டத்தின் ஈரமண்ணில் பெரிய காலடிகள் பதிந்திருந்தன. நாயா, சிறுத்தையா? இரவில் விழித்திருந்து பார்க்கலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: விரல்களின் முன்னே நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய். நகமின்றி, தடம் வட்டமாகவும் அகலமாகவும் இருந்து, பாதத்தின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரிந்தால் அது பூனை இனம். பெரிய அளவிலிருந்தால் சிறுத்தையாக இருக்கலாம். வெளியே காத்திருக்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, மூடிய யன்னலுக்குள்ளிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாயை இரவில் வெளியே கட்டாதீர்கள். அது சிறுத்தைக்கு வைத்த இரையாகிவிடும். இறைச்சிக் கழிவையும் கொட்டாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கமே, 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் அகப்பட்டு, மீட்கப்பட்ட சில நாட்களில் இறந்துபோனது. காட்டுப்பன்றிக்கு என்று மரக்கறித் தோட்டங்களைச் சுற்றி வைக்கும் கம்பி, அதில் கால் வைப்பது யார் என்று பார்ப்பதில்லை. உங்கள் வேலியோரம் அப்படியொன்று இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். சிறுத்தை சிக்கியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாமல், கூட்டத்தையும் சேர விடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அழைத்து, தோட்டத்தின் பெயரையும் தேயிலை மலையின் இலக்கத்தையும் சொல்லுங்கள்.