ரத்த டெஸ்ட்டும் புருஷன் ஃபோனும்

அன்புள்ள அக்கா,

பேர் போட வேணாம். சிங்கப்பூர்ல செங்காங்ல இருக்கேன், கல்யாணமாகி மூணு வருஷம். நாலஞ்சு மாசமா கீழ அரிப்பு, ஒண்ணுக்குப் போனா எரிச்சல், சில சமயம் சின்னதா வெடிப்பு. ஜிபி டாக்டர் பாத்துட்டு ஃபங்கஸ்னு க்ரீம் குடுத்தார், போயிட்டு போயிட்டு வருது. நெட்ல தேடித் தேடி இது உடலுறவால பரவற ஹெர்பிஸ் வைரஸ்தான்னு பயந்து நானே காசு கட்டி பிளட் டெஸ்ட் எடுத்தேன். ஐஜிஎம் பாசிட்டிவ், எச்எஸ்வி-1 ஐஜிஜி பாசிட்டிவ், எச்எஸ்வி-2 ஐஜிஜி 1.6, அதுவும் பாசிட்டிவ்னு சிவப்புல போட்டிருக்கு. என் வாழ்க்கையில அவரத் தவிர வேற யாரும் இல்ல. அவர் ஃப்ரெண்ட்ஸோட இந்தோனேசியாவுல இருக்கற பாத்தாம் தீவுக்குப் போறவர். ராத்திரி அவர் தூங்கினப்புறம் ஃபோன எடுத்துப் பாக்கறேன், ஒண்ணும் கிடைக்கல. துண்டு சோப்பு எல்லாம் தனியா வச்சுட்டேன். மாமியார் குழந்தை எப்பன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்த டெஸ்ட்ட நம்பலாமா? அவர்கிட்டேந்துதான வந்திருக்கணும்?

— ஒரு வாசகி

தங்கச்சிக்கு,

நான் டாக்டர் இல்ல, ஆனா ரிட்டயர் ஆகற வரைக்கும் லேப்ல இருந்தவ, அதனால உங்க ரிப்போர்ட்லேந்தே ஆரம்பிக்கறேன், புருஷன் விஷயம் அப்புறம்.

எச்எஸ்வின்னா ஹெர்பிஸ் வைரஸ், அதுல ரெண்டு வகை, ஒண்ணு பெரும்பாலும் வாயில வர்றது, ரெண்டு பெரும்பாலும் கீழ வர்றது. ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டும் அத எதிர்க்க உடம்பு ரத்தத்துல உண்டாக்கற எதிர்ப்புப் பொருள். முதல்ல அந்த ஐஜிஎம்ம அடிச்சுப் போடுங்க. ஐஜிஎம் இருந்தா புதுசா வந்திருக்குன்னு அர்த்தம்னு நெட்ல எழுதி வச்சிருப்பாங்க, ஹெர்பிஸ் விஷயத்துல அது செல்லாது, பழைய வைரஸ் திரும்பத் தலை தூக்கினாலும் ஐஜிஎம் வரும், ஒண்ணா ரெண்டான்னும் அதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. இத இன்னும் பேக்கேஜ்ல சேத்து விக்கறாங்களேன்னு எனக்குக் கோவமே வரும்.

அடுத்தது எச்எஸ்வி-1. சின்ன வயசுல காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் வருமே, பாட்டி "பல்லி எச்சம் பட்டுடுச்சு"ன்னு சொல்லுவாங்களே, பாவம் பல்லி, அதப் பண்றது இந்த வைரஸ்தான். உலகத்துல 50 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, முக்காவாசி பேருக்கு குழந்தையில யாரோ முத்தம் குடுத்து வந்தது, வந்ததே தெரியாது. உங்களுக்கும் அப்படி இருக்கத்தான் ரொம்ப வாய்ப்பு. வாய்ப்புண் இருக்கறவங்க வாய் வழியா உறவு வச்சா கீழயும் வரலாம்தான், ஆனா அது எங்க இருக்குன்னு ரத்தத்துக்குச் சொல்லத் தெரியாது.

இப்ப அந்த 1.6. இந்த ஐஜிஜி டெஸ்ட்ல 1.1-ஐ தாண்டினா மெஷின் பாசிட்டிவ்னு அடிச்சிடும், ஆனா 1.1-லேந்து 3 வரைக்கும் வர்ற நம்பர நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, இன்னொரு முறையில டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தணும்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியோட 2021 வழிகாட்டியிலயே இருக்கு. எச்எஸ்வி-1 இருக்கறவங்களுக்கு ரெண்டும் இருக்கற மாதிரி பொய்யா காட்டறதும் உண்டு. உடம்புல எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு இந்த ரத்த டெஸ்ட் பண்ணவே வேணாம்னு அங்க இருக்கற தடுப்பு மருத்துவக் குழு 2016-ல சொல்லி 2023-லயும் அதையே திருப்பிச் சொல்லுச்சு, காரணம் பாசிட்டிவ்னு வர்றதுல பாதி பொய்யா இருக்கலாம்ங்கறதுதான். அதனால உங்க 1.6 ஆமாவும் இல்ல இல்லையும் இல்ல.

ஒருவேளை அது நிஜமாவே பாசிட்டிவ்னே வைங்க. வாசல்ல செருப்பு கிடந்தா யாரோ வந்திருக்காங்கன்னு தெரியும், என்னிக்கு வந்தாங்க, எந்த ரூம்ல உக்காந்திருக்காங்க, யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு செருப்பக் கேட்டா சொல்லுமா, ஐஜிஜி அவ்வளவுதான். இந்த வைரஸ் முதுகுத்தண்டு பக்கத்துல இருக்கற நரம்பு முடிச்சுல போய் வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்கும், நிறைய பேருக்கு தனக்கு இருக்கறதே தெரியாது. உங்க புருஷனுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே எப்பவோ வந்து அவருக்கே தெரியாம இருந்திருந்தாலும் உங்க ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும். அவர் பாத்தாம்ல என்ன பண்றார்ங்கறது எனக்குத் தெரியாது, நல்லவர்னு சர்டிஃபிகேட்டும் நான் குடுக்கல, ஆனா இந்தப் பேப்பர சாட்சின்னு காட்டி அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

சரி, அரிப்பு எதனால? ஹெர்பிஸ்னா பொதுவா முதல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கும், அப்புறம் கொத்தா குட்டிக் குட்டி நீர்க்கொப்புளம், அது உடைஞ்சு புண்ணாகி, ஒண்ணுக்கு பட்டா உயிர் போகும், முதல் தடவைன்னா காய்ச்சலும் தொடையிடுக்குல நெறி கட்றதும் சேந்து வரலாம், ரெண்டு மூணு வாரத்துல காஞ்சு போயிடும். மாசக்கணக்கா விட்டு விட்டு அரிக்கறதுக்கு ஃபங்கஸ், பேட் ஒத்துக்காம போறது, வாசன சோப்பு, டெட்டால் தண்ணி, ஷேவிங்னு வேற காரணம் நிறைய இருக்கு. ஃபங்கஸ் திரும்பத் திரும்ப வந்தா சர்க்கரையும் பாக்கணும், யூரின் டெஸ்ட்டும் குடுங்க. ஆனா சில பேருக்கு ஹெர்பிஸ் வெறும் வெடிப்பு மாதிரியே வர்றதும் உண்டு, அதனால அது இல்லவே இல்லன்னு நான் கை அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

அதுக்குத்தான் ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால புண்ணத் தொட்டு எடுக்கற சாம்பிள். அடுத்த தடவ வெடிப்பு வந்த அன்னிக்கோ மறுநாளோ, க்ரீம் எதுவும் தடவாம, நேரா போய் அந்த இடத்துலேந்தே ஸ்வாப் எடுத்து, வைரஸோட மரபணுவத் தேடற பிசிஆர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. காஞ்சு பொருக்குத் தட்டினப்புறம் போனா வைரஸ் சிக்காம நெகட்டிவ்னு வரலாம். பாசிட்டிவ்னா ஒண்ணா ரெண்டான்னும் அதுலயே தெரிஞ்சிடும். தேசியத் தோல் நிலையம் நடத்தற டிஎஸ்சி கிளினிக் இருக்கு, பால்வினை நோய்க்குன்னே இருக்கற இடம், தினம் இதையே பாக்கறவங்க, உங்கள யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. சொந்தக்காரங்க கண்ணுல பட்டுடுவோமேன்னு பயந்து போகாம இருந்துடாதீங்க மா.

ஹெர்பிஸே வந்திருந்தாலும் நீங்க தனி ஆள் இல்ல, 15-லேந்து 49 வயசு வரைக்கும் உலகத்துல 84 கோடிக்கு மேல ஆளுங்களுக்கு கீழ ஹெர்பிஸ் இருக்குன்னு 2024-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர்னு மாத்திரை இருக்கு, வைரஸ அடியோட எடுக்காது, ஆனா புண்ண சீக்கிரம் ஆத்தும், தினமும் போட்டா திரும்ப வர்றதயும் அடுத்தவங்களுக்குப் பரவறதயும் குறைக்கும்.

துண்டு சோப்பு பிரிச்சு வச்சதெல்லாம் தேவையில்லாத வேல, தோலோட தோல் பட்டுத்தான் வருது, அவருக்கு சந்தேகம் வர்றதுக்கு நீங்களே வழி பண்றீங்க. ஃபோன நோண்டறத விட்டுட்டு "எனக்கு அரிப்பு விட மாட்டேங்குது, டாக்டர்கிட்ட போறேன், நீங்களும் வாங்க"ன்னு கேளுங்க, அதுக்கு அவர் என்ன சொல்றார்ங்கறதுலேந்தே உங்களுக்குக் கொஞ்சம் புரியும்.

குழந்தைக்கும் இது தடை இல்ல. பிரசவ சமயத்துல புதுசா வந்தாத்தான் குழந்தைக்கு ஆபத்து அதிகம், முன்னாடியே இருக்குன்னு தெரிஞ்சா 36-வது வாரத்துலேந்து மாத்திரை குடுப்பாங்க, வலி எடுக்கறப்ப புண் இருந்தா சிசேரியன் பண்ணுவாங்க. ஸ்வாப்ல என்ன வந்தாலும் அந்த ரிப்போர்ட்ட பத்திரமா வச்சு பிரசவ டாக்டர்கிட்ட முதல் விசிட்லயே காட்டிடுங்க. மாமியார்கிட்ட காட்ட வேண்டிய அவசியமே இல்ல.