சுருண்ட கார்பனில் எலக்ட்ரானின் ஸ்பின்

கேள்வி: கார்பன் இலேசான தனிமம் என்பதால் அதில் எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கும் ஓட்டத்துக்கும் இடையே பிணைப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். ஆனால் நானோகுழாயில் அதை அளந்திருப்பதாகப் படித்தேன். எதை நம்புவது? இதனால் பயன் உண்டா?
– எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவி

பதில்: ஸ்பின் என்பது எலக்ட்ரானோடு கூடவே பிறந்த ஒரு குட்டிக் காந்தம் போன்ற குணம். பேராசிரியர் சொன்னது தட்டையான கார்பனுக்குச் சரி. உட்கருவின் மின்னூட்டம் கூடக்கூட இந்தப் பிணைப்பு மளமளவென்று ஏறும். கார்பனுக்கு அந்த மின்னூட்டம் வெறும் 6தான். ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனில் இன்னொரு காரணமும் சேர்கிறது. எலக்ட்ரான் உலவும் இடங்களை ஆர்பிட்டால் என்போம். மின்சாரத்தைக் கடத்தும் பை ஆர்பிட்டால்கள் தாளுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. தாளின் தளத்திலேயே கிடக்கும் சிக்மா ஆர்பிட்டால்களோடு அவை கலப்பதில்லை.

அந்தத் தாளைச் சுருட்டியதுதான் நானோகுழாய். அங்கே கதை மாறுகிறது. ஒரு கோரைப்பாயில் ஈர்க்குச்சிகளை நட்டமாகக் குத்திவிட்டுப் பாயைச் சுருட்டிப் பாருங்கள். குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல் விசிறிபோல விரியும். பை ஆர்பிட்டால்களும் அப்படித்தான் சாய்ந்து, சிக்மாவோடு கொஞ்சம் கலந்துவிடுகின்றன. கார்பன் அணுவுக்குள் அடங்கியிருந்த பிணைப்பு இந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. 2000இலேயே ஜப்பானின் ட்சுனேயா ஆண்டோ இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்.

அளந்தது 2008இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில். கூமெத், இலானி, ரால்ஃப், மெக்யூன் ஆகியோரின் சோதனை அது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழாயைச் சுற்றி எலக்ட்ரான் வலமாகவும் போகலாம், இடமாகவும் போகலாம். ஸ்பின்னுக்கும் இரண்டு திசை. ஆக நான்கு நிலைகள். காந்தப்புலம் இல்லாதபோது நான்குக்கும் ஒரே ஆற்றல் என்றுதான் அதுவரை பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் குழாயில் ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் நிறுத்தி, குழாயின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்து, ஆற்றல் நகர்வதைத் தொடர்ந்து பார்த்தார்கள். புலம் பூஜ்யத்துக்கு வந்தபோது நான்கு கோடுகளும் ஒரே இடத்தில் சேரவில்லை. இரண்டிரண்டாகப் பிரிந்து நின்றன. இடைவெளி 0.37 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு).

அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதன் முன்னால் 0.37 எங்கே தெரியும்? 4 கெல்வினுக்கும் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வெகுவாகக் கீழே குளிர்வித்தால்தான் கண்ணில் படும். குளிர் மட்டும் போதாது, சுத்தமும் வேண்டும். மின்முனைகளையெல்லாம் முதலில் செய்துவிட்டு, நானோகுழாயைக் கடைசியில் அவற்றின் மேல் வளர்த்தார்கள். அதனால் எந்த ரசாயனமும் குழாயைத் தொடவில்லை. திரவ ஹீலியத்தோடு வருடக்கணக்கில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், குளிர்விப்பதைவிட இந்தச் சுத்தம்தான் கடினம். அழுக்கான குழாயில் எலக்ட்ரான் அங்கங்கே சிக்கிக்கொள்ளும். வலம் இடம் என்ற பேச்சே கலங்கிப்போகும்.

சரி, பயன்? ஸ்பின் பாதையோடு பிணைந்திருப்பதால், அதைத் திருப்பக் காந்தப்புலத்தை ஆட்ட வேண்டியதில்லை. வளைந்த குழாயில் மின்புலத்தால் எலக்ட்ரானை அசைத்தாலே போதும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 2013இல் லேர்டு, பே, கௌவன்ஹோவன் மூவரும் இப்படி, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான குவாண்டம் பிட் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். அதன் நினைவு, அதாவது குவாண்டம் நிலை கலையாமல் இருந்த நேரம், சுமார் 65 நானோநொடிதான் நீடித்தது. இயற்கைக் கார்பனில் 98.9 சதவீதம், எலக்ட்ரானின் ஸ்பின்னைக் கலைக்கும் உட்கரு ஸ்பின் இல்லாத கார்பன்-12 என்பதால் இதைவிட அதிகமாகவே பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஸ்பின்னை வைத்துக் குவாண்டம் கணினி செய்யும் போட்டியில் இன்று நானோகுழாயைவிடச் சிலிக்கான் முன்னே போய்விட்டது. ஆனாலும் ஒற்றை எலக்ட்ரானின் ஸ்பின்னைப் படிக்க, என் கணக்கில், நானோகுழாய்க்கு நிகர் குறைவு. கார்னெல் குழு வெளியிட்ட வரைபடத்தை எடுத்து, பூஜ்யப் புலத்தில் அந்த இடைவெளியை நீங்களே அளந்து பாருங்கள். அப்புறம் பேராசிரியரிடமும் காட்டுங்கள்.