வால்பாறை ஏறும்போது வாந்தி: இரண்டு வயதுப் பையனுக்கு மாத்திரை கொடுக்கலாமா?

வீட்டில் பெரியவர்கள் போடும் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கூட கொடுக்காதீங்க. சில மருந்துகள் சின்னக் குழந்தைகளுக்கு மூச்சையே மந்தப்படுத்திவிடும். மருந்து வேணும்னா குழந்தை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரட்டும்.

போன தடவை பொள்ளாச்சியில் ஒரு பாட்டில் பால் குடிச்சுட்டு, கையில் செல்போனோடு ஏறினான்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் காரணமாகப் படுது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, வயிறு நிறையப் பால், கண் திரையில் நிற்க உடம்பு மட்டும் சுழலுது.

இந்தச் சனிக்கிழமை இப்படிச் செய்து பாருங்க. மலை ஏற ஒரு மணி நேரம் முன்னாடியே ஒரு இட்லி, அப்புறம் வாய் நனைக்கத் தண்ணீர் மட்டும். செல்போனை வாங்கி வெச்சுடுங்க, ஜன்னலை இறக்கி தூரத்து மலையைக் காட்டுங்க. 9வது வளைவில் லோம்ஸ் வியூ காட்சி முனை இருக்கு, அங்கே பத்து நிமிஷம் இறக்கி நடக்க விடுங்க. பேச்சு நின்று, முகம் வெளுத்து, கொட்டாவி விட ஆரம்பிச்சா உடனே பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்க, எங்க பொண்ணுக்கு அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம்கூட தாங்காது.

அழுகிறான்னு சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைக்க வேண்டாம்.

சமதள ரோட்டிலும் வாந்தி வந்தாலோ, மேலே போய்ச் சேர்ந்தும் வாந்தி நிற்காமல், ஆறு மணி நேரமா சிறுநீர் போகலைன்னாலோ அது வளைவால் வந்ததுன்னு விட்டுடாதீங்க, டாக்டரிடம் காட்டணும்.