சனிக்கிழமை மாலை, மொட்டை மாடியில்

கேள்வி: எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு பைபிள் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளி நடக்கிறது. பதிவேட்டில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள், வருவது 12 பேர்தான். சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கும் பயிற்சி கிடையாது. புரொஜெக்டர் வாங்கலாம் என்கிறது கமிட்டி. பலன் இருக்குமா?
– ஓர் ஆசிரியை, பெரம்பூர், சென்னை

பதில்: வாங்கட்டும் சகோதரி. ஆனால் வராத 28 பேர் அதில் எதைப் பார்க்கப்போகிறார்கள்?

நான் நடத்திய வகுப்பும் ஒரு வருஷம் இப்படித்தான் தேய்ந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒருவனுக்கு ஞாயிறு காலை டியூஷன். இன்னொருத்தியின் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். ஞாயிறன்றுதான் அங்கே பாத்திரம் அதிகம் விழுமாம்; தம்பியை இவள்தான் இடுப்பில் வைத்திருந்தாள்.

1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் இந்தப் பள்ளியைத் தொடங்கியபோது, மற்ற ஆறு நாளும் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். அதனால்தான் ஞாயிறு. நடந்த இடம்கூட ஒரு பெண்மணியின் வீடுதான். நாங்கள் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, ஒரு சபையார் வீட்டு மொட்டை மாடிக்கு மாற்றினோம். "ஓய்வுநாளில் நடத்தாதது என்ன ஓய்வுநாள் பள்ளி?" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். யூதருக்கு ஓய்வுநாளே சனிதான் ஐயா என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

பயிற்சிக்கு வருவோம். வேலைக்குப் போய்க்கொண்டே இறையியல் படிக்க, 1971 முதல் பெங்களூரில் டாஃப்டீ (TAFTEE) என்ற அமைப்பு இருக்கிறது: வீட்டில் படித்து, குழுவாகக் கூடிப் பேசும் முறை. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களைக் குடிசைப் பகுதிகளில் தங்கவைத்துப் பழக்கியது. அந்த அளவுக்கு வேண்டாம், மாதம் இரண்டு வீடு போய் வந்தால் போதும். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல் புரியாது என்று அங்கேதான் தெரியும்.

ஒருநாள் வகுப்பில் பைபிளின் மாற்கு 2-ஆம் அதிகாரம் வாசிக்கச் சொன்னேன். ஆங்கில மீடியம் பையன், 'திமிர்வாதக்காரன்' என்பதை எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, "ரொம்பத் திமிர் பிடிச்சவனா சார்? அவனை எதுக்கு நாலு பேர் தூக்கிட்டு வர்றாங்க?" என்றான். பக்கவாதம் என்று அன்றைக்கு விளக்கினேன். அவன் தாத்தா அதே நோயில் படுத்திருந்தாராம். கூரையைப் பிரித்து அந்த நோயாளியை இயேசு முன் இறக்கிய இடம் வந்ததும் மாடித் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

முதலில் அந்த 28 முகவரிகளை எழுதி எடுங்கள். புரொஜெக்டர் கொட்டேஷன் அப்புறம் வரட்டும்.