சோடியத்தின் பங்கு எவ்வளவு?

கேள்வி: சோடியம் குளோரைடின் நீரேற்ற என்தால்பியை (வாயு நிலை அயனிகள் நீரைச் சேரும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்; எதிர்க்குறி வெப்பம் வெளிவருவதைக் குறிக்கும்) வெப்ப இயக்கவியல் சுழற்சி மூலம் மோலுக்கு −783 கிலோஜூல் என்று கணக்கிட்டேன். ஆனால் சோடியம் அயனிக்கு மட்டும் ஒரு நூலில் −406 என்றும் மற்றொன்றில் −463 என்றும் உள்ளது. எது சரி?

பதில்: உங்கள் கணக்கு சரியே. அந்தச் சுழற்சி தருவது இரு அயனிகளின் கூட்டுத்தொகையை மட்டுமே. குழப்பம் அதைப் பங்கிடுவதில் இருக்கிறது.

ஒரு மோல் உப்புப் படிகத்தைக் குலைத்து வாயு நிலை அயனிகளாக்க 787 கிலோஜூல் வேண்டும். (இதுவும் நேரடியாக அளந்த எண் அன்று, அளக்கக்கூடிய பிற ஆற்றல்களிலிருந்து கணக்கிடும் பார்ன்-ஹேபர் சுழற்சியின் விளைவு.) அதே உப்பை நீரில் கரைத்து, வெப்ப மாற்றத்தை அளக்கும் கருவியான கலோரிமானியில் அளந்தால் ஏறத்தாழ 4 கிலோஜூல் உறிஞ்சப்படுகிறது. படிகம் நேரே கரைந்தாலும், வாயு அயனிகளாகச் சிதறிப் பின் நீரைச் சேர்ந்தாலும் மொத்த மாற்றம் ஒன்றே என்பது ஹெஸ் விதி; ஆகவே 4 − 787 = −783.

பொட்டாசியம் குளோரைடுக்கு இவ்வெண்கள் 717, 17, கூட்டுத்தொகை −700. இரண்டிலும் குளோரைடு பொது என்பதால், 83 கிலோஜூல் வேறுபாடு முழுவதும் நேர் மின்சுமை கொண்ட நேரயனிகளான சோடியம், பொட்டாசியத்துக்கே உரியது. உருவில் சிறிய சோடியம் அயனி, நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனையை இன்னும் நெருக்கமாக ஈர்த்துக்கொள்கிறது. இத்தகைய வேறுபாடுகளை ஐயமின்றி நம்பலாம்.

ஆனால் ஒரே வகை அயனி மட்டும் கொண்ட கரைசலை எவராலும் தயாரிக்க இயலாது. எனவே ஏதேனும் ஓர் அயனிக்கு வேறு வழியில் மதிப்பு கண்டு, மற்றவற்றை அதனோடு பிணைக்கிறார்கள். வழக்கமாக அது ஹைட்ரஜன் அயனி. அதற்கு −1091 என்று கொண்ட பழைய அட்டவணைகளில் சோடியம் −406, குளோரைடு −377 அளவில் அமைகின்றன. வாயு நிலையில் அயனியைச் சூழும் சில நீர் மூலக்கூறுகளின் ஆற்றலைக் கொண்டு 1998இல் வெளியான ஆய்வு அதனை −1150 என்றது. அடிப்படை 59 நகர்ந்ததால், ஒற்றை மின்சுமை கொண்ட நேரயனிகள் அனைத்தும் ஏறத்தாழ அவ்வளவு எதிர்க்குறிப் பக்கம் நகர, ஒற்றை மின்சுமை எதிரயனிகள் மறுபக்கம் அதே அளவு நகர்ந்தன: சோடியம் −463, குளோரைடு −320. கூட்டுத்தொகை பழையபடி −783தான்.

ஆகவே இரு மதிப்புகளையும் ஒரே அட்டவணையிலிருந்து எடுங்கள். சோடியத்துக்கு −463ஐயும் குளோரைடுக்கு −377ஐயும் கலந்தால் தொகை −840 ஆகி, உப்பு கரையும்போது 53 கிலோஜூல் வெளிவர வேண்டியிருக்கும்; உங்கள் கலோரிமானியிலோ நீர் சற்றுக் குளிரத்தான் செய்யும்.